டில்லி மாமா என்ற கெர்னல்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த எடைமேடையில் காலையிலிருந்து ஒரு லாரிகூட எடை போடவில்லை. முந்தின நாள் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்ததிலிருந்து தராசுக்கும் கணினிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. புதுப்பித்தவள் அங்கே கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் மாயாதான். அதனால் எம்.கே.பி. நகரிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தாள்.

தராசைக் கணினியோடு இணைக்கும் மின்னணு அட்டை அரதப்பழசு. லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலின் புதிய பதிப்பில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை. அதைச் சேர்த்து, கெர்னலைத் தன் லேப்டாப்பில் தானே தொகுத்து, பேக்கேஜாகக் கட்டிக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"இதுக்கு நாமளே ஒரு பேரு வெக்கலாம். இன்னா வெக்கட்டும் மாமா?"

எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் டில்லிபாபு வெட்கப்பட்டார். "என் பேரு வெப்பியா?"

ஆங்கிலத்தில் 'டில்லி', ஓர் அடிக்கோடு, 'மாமா' என்று தட்டினாள்.

ஒன்றேகால் மணி நேரம் திரையில் வரிகள் ஓடின. டில்லிபாபு சினிமா பார்ப்பதுபோல் கண் எடுக்காமல் பார்த்தார். தூத்துக்குடி உப்பு லாரியின் டிரைவர் சுடலைராஜ் வெளியே ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, பேக்கேஜ் கட்டும் கடைசிப் படியில் 'எரர் 2' என்று நின்றது.

"லேப்டாப் சூடாயிடுச்சு" என்றாள் மாயா. டில்லிபாபு ஓடிப்போய் மேஜை விசிறியைத் தூக்கிவந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். இன்னொரு ஒன்றேகால் மணி நேரம். அதே இடம், அதே எரர்.

"உப்பு கரைஞ்சு தண்ணியாப் போவும் போலுக்கே, யம்மா!" சன்னலில் சுடலைராஜின் தலை.

மாயாவுக்கு அழுகை முட்டியது. எங்கோ தப்பு என்பதற்கு மேல் அந்தக் கடைசி வரி எதையும் சொல்லவில்லை. அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படித்துப் போனாள். ஒரு முழம் மேலே அது உட்கார்ந்திருந்தது: பேக்கேஜ் பெயரில் அடிக்கோடு வரக்கூடாது.

அட்டையின் டிரைவரைச் சந்தேகித்தாள், சூட்டைச் சந்தேகித்தாள். தன் விளையாட்டுப் புத்தியை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. சிரிப்புத் தாங்காமல் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள்.

"இன்னாமா ஆச்சு?"

"உங்க பேருலதான் பிராப்ளம் மாமா."

டில்லிபாபுவின் முகம் தொங்கிப்போயிற்று. "வூட்லயும் அத்தான் சொல்றாங்கோ. எட்த்துடும்மா."

"ஐய, பேரு இருக்கட்டும். நடுவுல போட்ட கோடு கீழ கீது. அத்தக் கொஞ்சம் மேல ஏத்தணும், அவ்ளோதான்."

அடிக்கோட்டை அழித்துவிட்டு இடைக்கோடு போட்டாள். ஏற்கெனவே தொகுத்தது அப்படியே இருந்ததால் பத்தே நிமிடத்தில் பேக்கேஜ் தயார். அதை ஏற்றிக் கணினியை அணைத்துப் போட்டதும் தராசின் எண்கள் திரையில் துடித்தன. டில்லிபாபு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

முதலில் ஏறியது உப்பு லாரி. எண் ஓடி ஓடி நின்றது. அனுமதித்த பாரத்துக்கு மேல் ஒன்றரை டன்.

சுடலைராஜ் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"இதுக்கா யம்மா காலையிலேர்ந்து இந்தப் பாடுபட்டிய?"