இரண்டு லென்ஸுக்கு நடுவில் காத்திருப்போர் கூடம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உறவினர்கள் காத்திருக்கும் கூடம் மைக்ராஸ்கோப்புக்குள் இருக்கிறது. கீழ் லென்ஸுக்கும் மேல் லென்ஸுக்கும் நடுவில். செம்பா என்று நாங்கள் கூப்பிடும் என் தங்கை செண்பகவல்லியின் மார்பிலிருந்து சோதனைக்கு எடுத்த சதை, கீழே கண்ணாடித் துண்டில் கிடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பழைய மைக்ராஸ்கோப்பில் இந்த வசதி கிடையாது. அதில் கீழ் லென்ஸே பிம்பத்தைச் சேர்த்துவிடும். லென்ஸ்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் படம் கெட்டுவிடும். இதில் சதையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் வெளிச்சத்தைக் கீழ் லென்ஸ் இணைகோடுகளாக்கி அனுப்பிவிடுகிறது. அவை தாமாகச் சேராது. மேல் லென்ஸ்தான் சேர்த்துப் பிம்பமாக்க வேண்டும். அதனால் நடுவில் எவ்வளவு இடம் விட்டாலும் தெளிவு குறையாது. "டீக்கடையே போடலாம்" என்றார் டெக்னீஷியன் மைதீன். போட்டிருந்தார்கள்.

செம்பாவின் வெளிச்சம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நோயுள்ள இடம் சாயத்தில் அடர் ஊதாவாகும் என்று மைதீன் சொல்லியிருந்தார். பிம்பம் சேராதவரை அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது. மேல் லென்ஸை இன்னும் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். கூடத்தில் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். மைதீனுக்கு யார் மனதையும் நோகடிக்க வராது, தினமும் நகர்த்தினார். லென்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் எஸ்தர் எறும்பளவுக்குத் தெரிந்தார்.

ஒருநாள் கூப்பிட்டார்கள். வெகுதூரம் நடந்து போனேன்.

"நடுவுல எல்லாம் நல்லாருக்கு" என்றார் டாக்டர்.

"ஓரம்?"

"ஓரம் இருட்டா இருக்கு. இவ்வளவு தூரம் தள்ளிட்டா, சாய்வா வர்ற வெளிச்சம் லென்ஸுக்கு வந்து சேராது. சுவத்துல அடிச்சிரும். எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் எழுத முடியும்."

திரும்பும் வழியில் பார்த்தேன். சுவரெல்லாம் அடர் ஊதா. மைதீன் ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. லென்ஸைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்கு நாற்காலிகளை எடுக்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. நானாக இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வைத்தியம் என்றார்கள். செம்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சுவரை வார்டில் சேர்த்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பில் இறங்குகிறது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றதால் நான் இருக்கிறேன்.

நேற்று செம்பா போன் செய்தாள். பேசப் பேச மூச்சு வாங்கியது. கஞ்சிகூட இறங்கவில்லையாம்.

"சுவரு எப்பிடிண்ணே இருக்கு?"

"தேறிட்டு வருதும்மா. ஊதா குறைஞ்சிருக்கு."

"பக்கத்துலயே இரு" என்றாள். "தனியா விட்றாதண்ணே."