ஒட்டகம் குடித்த தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் ஒட்டகம் என்று பெயர். கட்டடம் கட்டும் இடத்தில் முப்பது மாடி உயரத்துக் கிரேனை ஓட்டுபவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே என்று, பத்தொன்பது வருடமாக வேலை நாளில் தண்ணீரே குடிக்காமல் பழகிவிட்டார். அதில் ஒரு பெருமை வேறு.

அந்த மனிதரைத்தான் இரண்டு லிட்டர் பேதி மருந்து குடிக்கச் சொன்னார்கள்.

மூன்று மாதமாக அவருக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது. மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். போன மாதம் ஏணியின் பத்தாவது படியில் தலை சுற்றி விழுந்தார். இருநூறாவது படியில் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் நினைத்துப் பார்த்துத் தொலைக்கிறேன்.

பார்க்க மிச்சம் இருப்பது சிறுகுடல். அதற்கு மாத்திரை அளவுக் கேமரா ஒன்றை விழுங்க வேண்டும். குடல் சுத்தமாக இல்லையென்றால் படத்தில் சேறுதான் தெரியும், அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான் என்று நர்ஸ் அழுத்திச் சொல்லியிருந்தாள். ஏழு வாரம் தாங்குவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நான் மருந்து பாட்டில் அடைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். விளக்கின் முன்னால் உட்கார்ந்து, வரிசையாக வரும் பாட்டில்களில் ஒரு தூசி தெரிந்தாலும் எடுத்து ஓரம் வைப்பது என் வேலை. கண்ணால் பார்க்காததைப் பாஸ் பண்ணக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

முந்தின நாள் சாயங்காலம் மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். கால் மணிக்கு ஒரு டம்ளர், மொத்தம் எட்டு. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடித்தார்.

"சோப்புத் தண்ணியில உப்பு போட்ட மாதிரி இருக்கு."

"சோப்பு எப்பங்க தின்னீங்க?"

சிரித்தார். நாலு டம்ளர் முடிந்ததும் வயிறு தன் வேலையைக் காட்டியது. "தண்ணி ஊத்திடாதீங்க, நான் பாக்கணும்" என்றேன்.

"இதையுமா செக் பண்ணுவே? மானத்த வாங்காத."

மீதி மருந்து இருந்த ஜாடியோடு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஏழு மணிக்குக் காலி ஜாடியோடு வந்தார். "தண்ணியாத்தான் போகுது. போதுமா?"

அசந்துபோன அந்த முகத்தைப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டேன். நான் பார்க்காமல் பாஸ் பண்ணியது அது ஒன்றுதான்.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில், இன்னும் பிரிக்காத சின்னப் பெட்டியோடு நர்ஸ் வந்தாள். அதற்குள்தான் கேமரா; பிரித்ததும் ஓடத் தொடங்கிவிடும், அப்புறம் நிறுத்த முடியாதாம்.

"முழுசா குடிச்சீங்களா சார்? கடைசியா எப்படிப் போச்சு?"

"தெளிவா."

சொல்லிவிட்டு நாக்கால் உதட்டைத் தடவினார். கிரேனிலிருந்து இறங்கி வந்து "தாகமே இல்ல" என்று சொல்லும்போதும் இப்படித்தான் தடவுவார். பொய் என்று தெரிந்துவிட்டது. நர்ஸின் விரல் பெட்டியின் மூடிக்குப் போயிருந்தது.

"சிஸ்டர், பிரிக்காதீங்க. நான் பாக்கல."

அவர் என்னை எரித்துவிடுவதுபோல் முறைத்தார். "வீட்டுல பத்தாதுன்னு இங்கயுமா?"

"எத்தன டம்ளர் குடிச்சீங்க? நெஜத்தச் சொல்லுங்க" என்றேன்.

தரையைப் பார்த்தபடி சொன்னார். "அஞ்சு. மிச்சத்த ஊத்திட்டேன். எறங்கவே மாட்டேங்குது. வேணாம் வேணாம்னு நானே பழக்கின தொண்டை."

"நாளைக்கு நீங்க செத்துட்டா அந்தப் பெருமைய நான் வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

நர்ஸ் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "இன்னும் ஒரு லிட்டர், இப்பவே. பதினோரு மணிக்குள்ள சுத்தமாகலன்னா ஏழு வாரம்தான்."

நான் டம்ளரை நீட்ட நீட்டக் குடித்தார். மூன்றாவதில் ஓங்கரித்தது, முதுகைத் தடவிக் கொடுத்தேன். நாலும் முடிந்தன. அப்புறம் நாற்காலிக்கும் கழிவறைக்கும் நடையாய் நடந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்குக் கதவு பாதி திறந்து அவர் தலை தெரிந்தது.

"இங்க வா. நீயே பாரு."

பார்த்தேன். அடி தெரியும் தெளிவு. அதன் நடுவில், விரல் நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக ஓர் இழை. கம்பெனியாக இருந்தால் யோசிக்காமல் ஓரம் வைத்திருப்பேன். எல்லாம் போச்சு என்று நர்ஸைக் கூப்பிட்டேன்.

நர்ஸ் வந்து குனிந்து பார்த்தாள். "குடல் சுத்தமாத்தான் இருக்குக்கா. இது ரத்தம், புதுசு. கசியறப்ப போனாத்தான் கேமராவுக்கு எடம் தெரியும். வாங்க சார், சீக்கிரம்."

நின்றுவிடாதா என்று மூன்று மாதமாக நான் அழுத ரத்தம். இன்று ஒரு நாள் மட்டும் நிற்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் வயிற்றைச் சுற்றி, கேமரா அனுப்பும் படங்களைப் பதியும் பெல்ட்டைக் கட்டிவிட்டு நர்ஸ் பெட்டியைப் பிரித்தாள். மாத்திரை மினுக்மினுக்கென்று அடிக்கத் தொடங்கியது. ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினார். பிறகு, நான் கேட்காமலே, என் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து காட்டினார்.

நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடியிலும் பார்த்தேன். பிறகுதான் தலையாட்டினேன்.