பக்கத்துக் காம்பராவின் மூச்சு

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பக்கத்துக் காம்பராவில் என்ன சத்தம் கேட்டாலும் காதில் விழாதது போல இருந்துவிட வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி, நடுச்சுவர்கள் கூரை வரை எழும்பாத ஒற்றை அறை வீடுகளில் மானத்தோடு பிழைக்க வேறு வழியில்லை.

அந்தச் சட்டத்தை மதித்துத்தான் சண்முகவடிவு பாவியானாள். இடப்பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த மீனம்மா, போன மாசியில் ஒரு விடியற்காலை, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு சத்தம் அடங்கியது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் வராத பிறகுதான் போய்ப் பார்த்தார்கள்; உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

இப்போது அதே இழுப்பு இவளுக்கும். தேயிலைத் தூசு குடித்த நெஞ்சு லேசில் விடுமா? டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நாலு எண்ணி இழுக்க வேண்டும், நாலு எண்ணி அடக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். தவறாமல் செய்தால் உயிருக்குப் பயமில்லை என்றார்.

சண்முகவடிவு லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள். “விடிய அஞ்சு மணிக்கு நான் பயிற்சி செய்வேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு கேட்டா பயந்துறாதீங்க.”

மூன்றாம் நாள்தான் கவனித்தாள். அவள் மூச்சை விட்டதும், பூட்டிக் கிடந்த மீனம்மாவின் காம்பராவில் யாரோ மூச்சை இழுத்தார்கள். காற்றுதான் என்று மனசைத் தேற்றினாள். காற்று நாலு எண்ணி நிறுத்துமா? ஆனாலும் பயிற்சியை விட முடியவில்லை. விட்டால் இழுப்பு வந்துவிடும்.

ஏழாம் நாள் பனி வாசல்வரை இறங்கியிருந்தது. சண்முகவடிவு இடப்பக்கச் சுவரில் கைவைத்து, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

“மீனம்மாக்கா, என்னா செய்யுது ஒங்களுக்கு?”

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. இவளுடையதும் நின்றது. நாலு எண்ணினாள், பத்து எண்ணினாள், நெஞ்சு திறக்கவில்லை. அப்படியே சரிந்தாள். கூப்பிடக் குரல் வரவில்லை. இழுப்பு மட்டும்தான் வந்தது, அச்சு அசலாக மீனம்மாவின் இழுப்பு.

வலப்பக்கத்துக் காம்பராவில் நிரோஷன் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“வடிவக்காவுக்கு என்னமோ செய்யுது போல, ஷாமிலா.”

“ஒண்ணுமில்லங்க, பயிற்சி செய்யிறாங்க. நீங்க அந்த ரேடியோவ நிப்பாட்டுங்க, தொந்தரவா இருக்கும்.”

ரேடியோ நின்றது. ஷாமிலா நல்ல பெண். பக்கத்துக் காம்பராச் சத்தத்துக்குக் காது கொடுப்பவளில்லை.