உமாமகேஸ்வரியின் பெயரில் ஓடிய சர்வீஸ்

உமாமகேஸ்வரி லீவில் ஊருக்குப் போயிருந்த நாட்களிலும் டெல்லி அலுவலகத்தில் எல்லாரையும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்புகளில் குழாய் ஒழுகினால் புகார் வாங்குகிற சின்ன அலுவலகம் அது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரே ப்ரோக்ராம். எந்த பிளம்பர் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சீட்டு அடித்துத் தரும். காலையில் அதை ஓட்டிவிட்டு, சாயங்காலம் வரை யாரும் மூடிவிடாமல் காவல் இருப்பது உமாவின் வேலை. வம்சத்திலேயே முதல் டிகிரி. அதற்குக் கிடைத்தது இந்தக் காவல்.

ஊரில் அப்பா பச்சைமுத்து, பிளஸ் டூ முடித்த தங்கை தமிழ்செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அட்மிஷன் முடிவதற்குள் போய் அவளைக் காலேஜில் சேர்த்தாக வேண்டும். லீவு கேட்டபோது அதிகாரி வெங்கடராமன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நீ போயிட்டா இதை யாரும்மா ஸ்டார்ட் பண்ணுவா? நானா?”

“விரல் இருக்குல்ல சார்?”

லீவு கிடையாது என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே உமா கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளைத் தட்டி, அந்த ப்ரோக்ராமை சர்வீஸாக நிறுவினாள். இனி அதை யாரும் ஓட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் எழுந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் எழும், விழுந்தாலும் தானே எழும். யார் பெயரில் ஓட வேண்டும் என்று கேட்டது. கம்ப்யூட்டரின் பொதுக் கணக்கைக் கொடுத்திருக்கலாம். கோபம் ஆறுவதற்குள் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு, லீவு லெட்டரை அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு ரயில் ஏறினாள்.

மறுநாள் சீட்டுகள் தானாக வந்தன. கூடவே அவள் குரலும் வந்தது. அந்தப் பெட்டிக்கு ஸ்பீக்கர் கிடையாது என்பதை எல்லாரும் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். “பையா, ஜல்தி! டீ அப்புறம் குடிக்கலாம், அங்க ஒரு வீடே மிதக்குது!” என்று அது பிளம்பர்களை விரட்டியது. பல வருஷமாக ஒழுகிய குழாய்களெல்லாம் அந்த வாரம் வாயை மூடின. குடியிருப்புக்காரர்கள் லட்டு வாங்கிவந்து கம்ப்யூட்டர் முன்னால் வைத்தார்கள். லட்டைத் தொடத் துணியாத வெங்கடராமன் ஊருக்கு எஸ்.டி.டி. போட்டார்.

“தாயே, வந்து இதை நிறுத்திட்டுப் போ.”

“ஒரே ஒரு வரி கட்டளை சார். நீங்களே நிறுத்தலாம்.”

“நிறுத்தினேன்மா. ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, ‘எவன் என்னைய நிறுத்துனது’ன்னு கேக்கறது!”

பச்சைமுத்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தார். எதிரே மகள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். காதுக்குள் அவளே ஓர் ஆபீசரை வறுத்தெடுக்கிறாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்:

“டிகிரி முடிச்சா இப்படி ரெண்டு எடத்துல இருக்கலாமா?”

“இருக்கேனேப்பா.”

“அப்ப சின்னவளையும் சேத்துவிடு. ஒருத்தி மாமியார் வீட்டுக்குப் போனாலும் இன்னொருத்தி இங்கன கஞ்சி காய்ச்ச இருப்பா.”

அதற்குப் பதில் சொல்ல உமாவுக்கு நாக்கு துடித்தது. அட்மிஷன் முடியட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

தமிழ்செல்வி காலேஜில் சேர்ந்தாள். சர்வீஸை எடுக்கக் குடியிருப்புக்காரர்கள் விடவில்லை. உமா நொய்டாவில் வேறு வேலைக்குப் போனாள். வெங்கடராமன் ரிட்டயர் ஆனார். அவருக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கு, அந்தப் பெட்டியை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பது முதல் நாளே சொல்லப்பட்டது. தமிழ்செல்வி பி.எஸ்ஸி. முடித்தும் ஒரே இடத்தில்தான் இருந்தாள். பச்சைமுத்து நொய்டாவுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டார். அதுக்கு எம்.எஸ்ஸி. வேணும்ப்பா என்றாள் உமா. சேர்த்துவிட்டார்.