சூடத்தை அணைத்தவள்

பொன்னமராவதியில் சொர்ணவல்லி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். சூடத்தை அணைத்தவள் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடும். இரண்டும் நான்தான். அணைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதைப் பேசுகிற வாய்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் வாடகைக் கார் வைத்திருக்கிறார். புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்கும் ஆள் ஏற்றுவார். கல்யாணக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவார். உலகச் சண்டை ஆரம்பித்த வருஷம் சித்திரையில், ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் காரைப் பேசினார்கள். வண்டி பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னதுதான் சாக்கு, மாடு உரசியும் புழுதி தின்றும் சொறி பிடித்துக் கிடந்த அந்தக் காருக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். என் தம்பி சேவுகன் திருச்சியில் அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வரவழைத்து வீட்டிலேயே அடித்துவிடலாம் என்றார்.

வீட்டிலேயே என்றால் எங்கே? மாட்டுக் கொட்டகையில். மாடுகளை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டுக் காரை உள்ளே தள்ளினார்கள். கொட்டகைக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரையைத் தொடாது. மேலே பூனை புகுந்து வருகிற அளவுக்கு இடைவெளி.

சேவுகன் வந்ததும் நான் முதலில் பார்த்தது அவனுடைய இடது கையை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அவன் வேலை பார்த்த கொட்டகையில் எவனோ பீடி பற்றவைத்தானாம்.

"பத்த வச்சவன் வாசல்லதான்க்கா நின்னான். நானும் இன்னொருத்தனும் உள்ள இருந்தோம். தின்னர் ஆவி அங்கிட்டு வரைக்கும் போயிருக்கு. தீ காத்துலயே வந்துருச்சு."

அந்த இன்னொருவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எனக்குக் கூடப்பிறந்தது இவன் ஒருவன்தான்.

அதனால்தான் சேவுகன் வேலை ஆரம்பிக்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னான். பெயிண்ட்டைக் கெட்டியாக அடிக்க முடியாது, தின்னர் ஊற்றி இளக்கித்தான் அடிக்கவேண்டும். அந்தத் தின்னர் அடிக்கும்போதே பாதி காற்றில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். அந்த வாடை போகும்வரை நெருப்பு என்கிற பேச்சே கூடாது. கொட்டகையின் பின்பக்கப் படல் திறந்தே இருக்கவேண்டும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கவேண்டும். வாசலில் சாக்குப் படுதா கட்டி, அது காயாமல் நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த நனைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தான்.

பெயிண்ட்டை அவன் கலக்கியதைப் பார்த்தேன். குச்சியைத் தூக்கினால் நல்லெண்ணெய் மாதிரி இழை அறாமல் ஒழுகவேண்டும். பிறகு என் பழைய மல் துணியில் வடிகட்டினான். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, டிரைவர்கள் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். வெளியே ராக்கன் என்கிற பையன் காற்றுப் பம்பை மிதிக்க, உள்ளே பெயிண்ட்டைத் தூவுகிற கன் சீறியது. நல்ல கருநீலம்.

முதல் நாள் மத்தியானம், பிள்ளைக்குக் கஞ்சி வைக்க நான் அடுப்படிப் பக்கம் போனேன். விறகைத்தான் கையில் எடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தெருவே கேட்கக் கத்தினார்.

"ஏய், வீட்டைக் கொளுத்தப் பாக்குறியா? படிச்சுப் படிச்சுச் சொன்னானே ஒன் தம்பி! பொம்பளைக்கு மூளை எங்கிட்டு இருக்கு?"

நியாயம் என்று வாயை மூடிக்கொண்டேன். விறகைப் போட்டுவிட்டு, தெருக்கோடி சந்தனமேரி வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தேன். நாங்கள் எல்லோரும் நீராகாரமும் ஊறுகாயும்தான். சாயங்காலம் விளக்குகூட ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை வந்தும் விளக்கில்லாத வீடா என்று என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் பெண்சாதி பொன்னுத்தாய் முகத்தைச் சுளித்தாள். அப்போதும் இவர் எனக்காகப் பேசவில்லை, தின்னருக்காகப் பேசினார். சரி, அதுவாவது பேசினாரே என்று இருந்தேன்.

மறுநாள் வெயில் ஏறியதும் சேவுகன் கடைசிப் பூச்சை ஆரம்பித்தான். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும் என்று காத்திருந்தான். அன்று பார்த்துக் காற்று சுழற்றி அடித்தது. களத்துத் தூசி வருகிறது, பளபளப்புப் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் ஓசைப்படாமல் பின்பக்கப் படலைச் சாத்திவிட்டார். உள்ளே இருந்தவனுக்கு அது தெரியாது. கார் மறைத்தது; கண்ணாடியிலும் பெயிண்ட் படிந்திருந்தது. எனக்கும் அப்புறம்தான் தெரியும். வாசலில் படுதாவை நனைத்துக்கொண்டிருந்த எனக்கே வாடை தாங்காமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அப்போதுதான் மூத்தார் பெரியண்ணன் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். தோளில் சரிகைத் துண்டு. பின்னால் பொன்னுத்தாய், கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், விபூதி, குங்குமம், நடுவில் பாக்கு அளவுக்குச் சூடக்கட்டி.

"ராகு காலம் பொறக்கப் போகுது. அதுக்குள்ள வண்டிக்குச் சூடம் காட்டிப்புடணும். புதுசா மின்னுற பொருளை மொத மொத மனுசக் கண்ணு பாக்கக்கூடாது, சாமி நெருப்புதான் பாக்கணும்" என்றார் மூத்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நேற்று விறகைத் தொட்டதற்கே கத்தியவர் அல்லவா, இப்போது எப்படிக் கத்தப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி நின்றார்!

"என்னங்க, சேவுகன் உள்ள இருக்கான்" என்றேன்.

"அவன் பாட்டுக்கு வேலையப் பாக்கட்டும். படுதாவைத் தூக்கி ஒரு சுத்து காட்டிட்டு வந்துருவாரு."

"நெருப்பு கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அடுப்பைக்கூட…"

"அடுப்பு நெருப்பும் சாமி நெருப்பும் ஒண்ணாடி? சூடம் சுடுமா? சாம்பல்கூட மிச்சம் வைக்காம கரையிற பொருளு. கோயில்ல கண்ணுல ஒத்திக்கிறோம், கை வெந்தா போகுது?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது தெரியும். நெருப்பிலும் அப்படி உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மூட்டினால் தீ. அவர்கள் மூட்டினால் தீபம்.

"நாளைக்குக் காட்டலாம், தெருவுல வச்சுக் காட்டலாம்" என்று கெஞ்சினேன். "அபசகுனமாப் பேசாத" என்றாள் பொன்னுத்தாய். பேசிக்கொண்டே தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தாள். சூடம் பற்றிக்கொண்டது. தாம்பாளத்தை மூத்தாரிடம் கொடுத்தாள். அவர் வலது கையில் அதை ஏந்திக்கொண்டு இடது கையைப் படுதாவின் மேல் வைத்தார். உள்ளே கன் சீறிக்கொண்டிருந்தது.

என் கண்ணுக்கு மூத்தார் தெரியவில்லை, சாமி தெரியவில்லை. சேவுகனுடைய இடது கை தெரிந்தது. வாளியோடு தண்ணீரை அப்படியே ஊற்றினேன்.

சூடம் அணைந்தது. தாம்பாளம் தரையில் விழுந்து உருண்டது. விபூதி சேறானது. சரிகைத் துண்டு நனைந்த கோழி இறகு மாதிரி மூத்தார் மேல் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது.

"ஏத்துன சூடத்தை அணைச்சுப்புட்டாளே பாவி!" என்று பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று என் வீட்டுக்காரர் கையை ஓங்கினார். சத்தம் கேட்டுச் சேவுகன் வெளியே வந்தான். கீழே கிடந்த சூடத்தைப் பார்த்தான். சுற்றிப் போய்ச் சாத்தியிருந்த படலைப் பார்த்தான். மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், அக்கா தண்ணி ஊத்தலைன்னா இந்நேரம் நான் இல்ல" என்றான்.

"அக்காளும் தம்பியும் சேந்துக்கிட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் விசாரணை. அத்தோடு தீர்ப்பு.

இதில் கொடுமை என்னவென்றால், நான் ஊற்றிய தண்ணீர் படுதா இடுக்கு வழியாகத் தெறித்துப் பின்பக்க மட்கார்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. சேவுகன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். கல்யாணத்துக்குள் பாதிதான் மறைந்தது. தண்ணீர் ஊற்றியதற்கு மட்கார்டில் தடம் இருக்கிறது. எரியாமல் போனதற்குத் தடம் எங்கே இருக்கிறது? கொட்டகை எரிந்து, என் தம்பி கருகி, பாதித் தெரு சாம்பலாகியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். ஒன்றும் ஆகாமல் காப்பாற்றியது என் குற்றம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் டயர் வெடித்தது. அந்த டயர் வழுக்கைத்தலை மாதிரி தேய்ந்து போய் ஆறு மாசம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எல்லாம் நான் அணைத்த சூடம் செய்த வேலை என்றார்கள். அதன் பிறகு ஆயுத பூஜைக்குக் காருக்குச் சூடம் காட்டும் தட்டு என் கைக்கு வருவதில்லை. என் வீட்டில், என் வாசலில், என் புருஷன் காருக்குப் பொன்னுத்தாய் வந்து காட்டுகிறாள். நான் சுண்டல் தாளிக்கிறேன்.

இவருக்குப் புத்தி வந்தது வேறு விதமாக. மட்கார்டில் பூத்த இடத்துக்கு மறுபூச்சுப் போடுகிறேன் என்று மிச்சப் பெயிண்ட்டைத் தாமே எடுத்துத் திறந்தவெளியில் குச்சியால் கலக்கினார். மீசையில் கருநீலம் தெறித்தது. தின்னரில் துணியை நனைத்து மீசையைத் துடைத்தார். துடைத்த கையோடு சுருட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார்.

'புஸ்' என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போய் ஈரச் சாக்கை முகத்தில் அமுக்கினேன். நல்லவேளை, துணி தள்ளிக் கிடந்தது. உதடு கொப்புளித்தது, மீசையில் இடப்பக்கம் காணாமல் போயிற்று. கேட்டவர்களிடம் விளக்குச் சுட்டுவிட்டது என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு ஒட்டுவதற்குப் பாதி மீசைதான் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை? 'அன்னைக்கு நீ செஞ்சது சரிதான்' என்று, சத்தமாக வேண்டாம், முணுமுணுப்பாக ஒரு வார்த்தை? கொப்புளத்துக்கு வெண்ணெய் கேட்டார். கொடுத்தேன்.

மீசை முளைத்த பிறகு இலுப்பூர் மண்டிக்கார ஜமால் முகமது தம் காருக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று எங்கள் கொட்டகைக்கே கொண்டுவந்தார். சேவுகனும் வந்திருந்தான். மூத்தாரும் பொன்னுத்தாயும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் நின்று பிரசங்கம் ஆரம்பித்தார்.

"பாய், ஒண்ணு சொல்லிப்புடுறேன். பீடி, சுருட்டு, சூடம், சாம்பிராணி எதுவும் இங்க கூடாது. தின்னர் ஆவி இருக்கே, அது சாமி நெருப்பு, அடுப்பு நெருப்புன்னு பாக்காது. நமக்கு அனுபவம் இருக்குல்ல!"

"நல்ல வெவரமான ஆளுங்க நீங்க" என்றார் ஜமால் முகமது. மூத்தாரும் தலையை ஆட்டினார். சரிகைத் துண்டு நனைந்த அதே மூத்தார்! படுதாவை நனைத்துக்கொண்டிருந்த என் கையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. இன்னொரு தடவை ஊற்றியிருப்பேன்.

சேவுகன் கன்னைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தான்.

"அத்தான், அக்கா வாசல்ல உக்காரணும். தீப்பெட்டி வச்சிருக்கிற ஆளு எல்லாரும் அக்கா மடியில போட்டுட்டு நிக்கணும். இல்லைன்னா நான் இதைத் தொடமாட்டேன், இப்பவே பஸ் ஏறிடுறேன்."

"அவ எதுக்கு? நான்தான் இருக்கேன்ல?"

"நீங்க அன்னைக்கும் இருந்தீங்க அத்தான்."

நான் வாளியை வைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஜமால் முகமது சிரித்துக்கொண்டே குனிந்து போட்டார். பிறகு மூத்தார், எங்கோ பார்த்துக்கொண்டு. பொன்னுத்தாயும் முந்தியை அவிழ்த்து ஒன்றைப் போட்டாள். கடைசியாக இவர். எடுப்பதற்கு ரொம்ப நேரம் இடுப்பைத் தடவினார். "சட்டைப் பையில இருக்கும், பாருங்க" என்றேன்.

எடுத்துப் போட்டார். உள்ளே கன் சீற ஆரம்பித்தது.

அது முதல் எங்கள் கொட்டகையில் இதுதான் வழக்கம். சூடத்தட்டை இன்றுவரை என் கையில் கொடுக்கவில்லை. தீப்பெட்டியை மட்டும் குனிந்து கொடுக்கிறார்கள்.