ரேடியோவுக்கு ஒரு தலை தேவை

பேச்சுப் பயிற்சியாளருக்குப் பேச்சு பிடிக்காது. இதை அவர் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் பிழைப்பு என்னாவது? வீடு வீடாகப் போய், திக்கும் குழந்தைகளையும் நோயில் பேச்சிழந்த பெரியவர்களையும் பேச வைப்பது அவர் வேலை. அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததோ, பேச்சு வருவதற்கு முன்னால் வருகிற இடைவெளிதான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதிரில் இருப்பவர் உள்ளே எங்கோ இருட்டில் சொல்லைத் துழாவிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே வரக் கூடாது. வந்தால் உள்ளங்கையை உயர்த்தி, "அவரே சொல்லட்டும்" என்பார். மற்றபடி கோபமே வராத மனிதர்.

அவர் சலூன் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்ததற்கும் இதுதான் காரணம். முடிவெட்டுகிறவர்கள் பேசுவார்கள். கேள்வி வேறு கேட்பார்கள். அதனால் முடி தன்பாட்டுக்கு வளர்ந்து காதுகளை மூடியிருந்தது. அந்தக் காதுகள் மூடியிருப்பதே நல்லது என்று பள்ளிக்கூடத்தில் உடன்படித்தவர்கள் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் டாக்டர், ரேடியோவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ரேடியோ என்பது சலூன்காரரின் பட்டப்பெயர். கடையைத் திறந்ததிலிருந்து ஷட்டரை இழுத்து மூடும்வரை அவர் வாய் ஓயாது. மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்ட அன்று ரேடியோ நின்றுபோயிற்று. பிறகு கால் தேறியது. வலது கையும், கொஞ்சம் மந்தமாக, தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. கேட்டது புரியும், சொல்ல வேண்டியதும் தெரியும், சொல் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடும்.

வீடு கடைக்கு நேர் மேலே. மாடிக் கூடத்தில் பயிற்சியாளர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். கத்தரிக்கோல்.

"இது என்ன?"

ரேடியோவின் முகம் சிவந்தது. "செ... செருப்பு." சொன்னது தப்பென்று அவருக்கே தெரிந்தது. நெற்றியில் அறைந்துகொண்டார்.

"கத்தரிக்கோல்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி.

"அம்மா, அவரே சொல்லட்டும்."

"அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுப்புல இருக்கறது தீஞ்சுடும் சார். நாள் முழுக்க கத்தரிக்கோலோட குடும்பம் நடத்தின மனுஷன். அதைப் போயி செருப்புங்கறாரே!"

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனைவியின் தம்பி தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "அதனாலதான் மாமா சொல்றேன். எப்படி வெட்டணும்னு வர்ற ஆளைக் கேக்க முடியல. கேக்காம வெட்டினா அடி விழும். கீழ கடை பூட்டியே கிடந்து எலி குடித்தனம் பண்ணுது. போன் கவர் விக்கற ஒருத்தர் கேக்கறார். குடுத்துட்டு நிம்மதியா உட்காருங்க."

ரேடியோ சட்டைப்பையில் இருந்த கடைச் சாவியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுப் பொத்திக்கொண்டார். கடையைக் கொடுத்துவிட்டால் நிம்மதி ஏது என்று அந்தக் கை சொன்னது. பயிற்சியாளருக்கு அன்று அந்த மௌனம் பிடிக்கவில்லை.

விஷயம் திரும்பியது அதற்கடுத்த முறை. மைத்துனன் வழக்கம்போலப் பேப்பரும் கையுமாக இருந்தான். அவன் காதோரம் ஒரு கொத்து முடி துருத்திக்கொண்டிருந்தது. ரேடியோவின் கண் படத்தில் நிற்கவில்லை. அந்தக் கொத்திலேயே போய்ப் போய் ஒட்டியது. கடைசியில் தாங்க முடியாமல் எழுந்தார். மேஜை டிராயரிலிருந்து கத்தரிக்கோலையும் சீப்பையும் எடுத்தார். மைத்துனன் பின்னால் போய் நின்று, இரண்டு விரலால் அவன் தலையை முன்னுக்குத் தள்ளினார்.

"குனிங்க. இன்னும் கொஞ்சம். ஆடாதீங்க."

பயிற்சியாளர் கையிலிருந்த படங்கள் கீழே விழுந்தன. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மைத்துனன் மட்டும் அசையவில்லை. ஆடாதீங்க என்றல்லவா சொல்லியிருக்கிறார்!

கை பழகின இடத்தில் வாய்க்கும் வழி தெரிகிறது போலும் என்று பயிற்சியாளர் யோசித்தார். படங்களைப் பெட்டியில் போட்டு மூடினார். "இனிமே பயிற்சிக்கு ஒரு தலை வேணும்" என்றார்.

தலைக்கு எங்கே போவது? பேச்சு ஒரு வரி வருவதற்குள் கத்தரி பல வரி போய்விடும். கை வேறு மந்தம். இடது பக்கம் முடிகிறபோது வலது பக்கம் வேறொரு ஆளுடையதுபோல் இருக்கும். முதலில் மைத்துனன் தலை தீர்ந்தது. பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை, "தண்ணி குடிச்சிட்டுப் போப்பா" என்று மனைவி உட்காரவைத்தாள். அவர் தண்ணீர் குடித்து முடிக்கையில் பிடரியில் ஒரு படிக்கட்டு இருந்தது. தெருக் காவலாளியும் மாட்டினார். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் பரிதாபப்பட்டு வந்தவர், அதற்குப் பிறகு தொப்பியோடு தெருவில் நடந்தார். ரேடியோவுக்கோ ஒவ்வொரு தலையிலும் ஒரு சொல் கிடைத்தது. "வெயில்" கிடைத்தது. "தண்ணி பட்டா சிலிர்க்குதா" கிடைத்தது.

"எல்லாம் சரி. வீட்டுக்கு வர்ற ஆளுங்க தலையில வெட்டறது பெருசில்ல மாமா" என்றான் மைத்துனன், தன் தலையைத் தடவியபடி. "ஞாயித்துக்கிழமை போன் கவர்க்காரர் கடையைப் பாக்க வர்றார். அவர் முன்னாடி ஒருத்தரை நாற்காலியில உட்கார வெச்சு, நீங்களே கேட்டு, வெட்டி, 'நல்லா இருக்கு'ன்னு அந்த ஆள் வாயால சொல்ல வெச்சு அனுப்புங்க. நான் அவரைத் திருப்பி அனுப்பிடறேன். ஆனா அக்கா, நடுவுல நீ வாயைத் திறந்தா அதோட முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் உயர்ந்தது. போன் கவர்க்காரர் அளவு நாடாவோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அடர்த்தியான, ஆசையாக வளர்த்த முடி. ரேடியோ வெள்ளைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் படியில் கால் வைத்தார், தொப்பியோடு தெருவில் போன வாத்தியாரைப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை.

நேரம் போனது. மைத்துனன் பெருமூச்சு விட்டான். ரேடியோவின் கை சட்டைப்பைச் சாவிக்குப் போயிற்று.

ஒரு ஓரமாக நின்றிருந்த பயிற்சியாளர், தன் கால்கள் நடப்பதைத் தானே ஆச்சரியத்தோடு பார்த்தபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

துணி கழுத்தைச் சுற்றியது. கண்ணாடியில் ரேடியோவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடியது. மறுபடி திறந்தது. மனைவி துண்டின் நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் காத்திருந்தார்.

"எ... எப்படி... வெட்ட?"

"லேசா போதும். காதுப் பக்கம் மட்டும் வேண்டாம்."

கத்தரி ஓசை எழுந்தது. அதோடு ரேடியோவுக்குள் ஏதோ சூடேறியது. "கல்யாணம்... ஆச்சா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பயிற்சியாளர் இத்தனை வருஷம் முடி வளர்த்தது. "ஆகலை."

"ஏன்?" இது மட்டும் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். மூடினார். நல்ல பதில் ஒன்று இருந்திருக்க வேண்டும், தேடினால் கிடைக்கவில்லை.

"அவசரமில்ல" என்றார் ரேடியோ. "மெதுவா... சொல்லுங்க."

மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தவர், ஒருமுறை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார், தாங்கள் கேட்ட கேள்விக்கு இவர் யோசித்த நேரத்தில் கிளம்பிப் போன கதையில் வந்து நின்றபோது, காதில் காற்றுப் பட்டது. இரண்டு காதிலும். கண்ணாடியில், பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த அந்தக் காதுகள் இரண்டும் கொஞ்சமும் வளர்ச்சி குறையாமல் நின்றன. ஒன்றுக்கு மேல் முடி அரை அங்குலம். இன்னொன்றுக்கு மேல் அதுவும் இல்லை.

ரேடியோ பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். "எப்படி... இருக்கு?"

பயிற்சியாளர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். உண்மையோ கண்ணெதிரே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. சொல் எதுவும் வரவில்லை. தன்னிடம் உட்காருகிறவர்களெல்லாம் எந்த இருட்டில் துழாவுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மனைவியின் பல்லிலிருந்து துண்டு நழுவியது. "நல்—"

ரேடியோ சட்டென்று உள்ளங்கையை உயர்த்தினார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அவரே சொல்லட்டும்."

முடி வெட்டும் பேச்சில்லை இது. எந்தத் தலையோடும் பழகி வந்ததில்லை. தானாக, முழுசாக, கண்டிப்போடு வந்தது. மைத்துனன் வாயைப் பிளந்தான். பயிற்சியாளரின் கண்ணில் நீர் முட்டியது. அதற்குக் காதுகள் காரணமில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அப்போது அது பொய்யாகவும் இல்லை.

ரேடியோ துணியை உதறினார். முகத்தில் பழைய கடைச் சிரிப்பு. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். போன் கவர்க்காரரின் அடர்ந்த முடியில் பார்வை போய் நின்றது.

"அடுத்து... நீங்களா?"

போன் கவர்க்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திருப்பி அனுப்பும் வேலை மைத்துனனுக்கு இல்லாமலே போயிற்று. அளவு நாடா மட்டும் பெஞ்சிலேயே கிடந்தது.