பாசிக்குள் நாலு மீன்

கருப்பு வெள்ளைத் திரைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றான்.

அவன் என் தங்கையின் புருஷன். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாங்கள் வேலை பார்க்கிற இரும்பு யார்டில் முதலாளி வரைக்கும் அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. கிரேன் ஓட்டுகிறான். நான் ரிக்கர். கீழே நின்று சுமைக்கு பெல்ட் கட்டிக் கை காட்டுவது என் வேலை. ஒன்பது வருஷமாக அவன் தூக்குவதும் நான் கீழே நிற்பதுமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் ஒரே கயாக்கில் ஏறி ஏரிக்குப் போவோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்கிற பிளாஸ்டிக் படகு. யாரோ ஓட்டிச் சலித்து விற்றது.

போன மாதம் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டோம். தண்ணீரில் நின்ற ஒரு பட்ட மரத்தை நாலு தடவை கடந்த பிறகுதான் சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று உறைத்தது. கடைசியில் ஏறியது எதிர்க்கரை. அன்றைக்கே தங்கை சொல்லிவிட்டாள்:

"ஜிபிஎஸ் வச்ச மெஷின் இல்லாம ரெண்டு பேரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. அது மீனைக் காட்டுதோ இல்லையோ, வீட்டைக் காட்டணும்."

மீன்பிடிச் சாமான் விற்கிற கடை, டயர் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே கயிற்றுச் சுருள்கள், துடுப்புகள், இன்ஜின் ஆயில் வாசனை. ஒரு பலகையில், தண்ணீருக்குள் இருக்கிற மீனைக் காட்டும் அஞ்சு திரைகளை வரிசையாக மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"எந்தப் படகுக்கு?"

"கயாக்."

"அப்ப பெருசு எதுக்கு? ஒன்பது இஞ்ச் வச்சீங்கன்னா ஆள் உட்கார இடம் இருக்காது. அஞ்சு இஞ்ச் போதும். சின்ன பேட்டரியே நாள் பூரா தாங்கும். சென்சாரை படகு அடியில தண்ணி வடியற ஓட்டை இருக்குல்ல, அதுல மாட்டிக்கலாம். ட்ரில் எடுத்துட்டுக் கிளம்பிடாதீங்க."

நான் ட்ரில்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இது கீழ சத்தம் அனுப்பும். எதுலயாவது பட்டுத் திரும்பி வர்றதை திரையில வரையும். பலமா வந்தா சிவப்பு, சுமாரா வந்தா பச்சை, லேசா வந்தா நீலம். முங்கின மரம், பாசி, மீன் எல்லாம் தெரியும். ஜிபிஎஸ் இருந்தா கிளம்புன இடத்தைக் குறிச்சு வச்சுக்கலாம், போன தடத்தைப் பிடிச்சே திரும்பி வந்துடலாம்."

மாப்பிள்ளை இந்தப் பக்கமே பார்க்கவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டியைக் காட்டினான். "அது?"

"அது பழசு. கருப்பு வெள்ளை. ஜிபிஎஸ் கிடையாது."

"அதே போதும்."

"உன் பொண்டாட்டி கேட்டதே ஜிபிஎஸ்தானேடா," என்றேன்.

"அது போன்ல இருக்கு மச்சான்."

"எந்த போன்? ஏரிக்குள்ள கிடக்குதே, அதுவா?"

கடைக்காரம்மா சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "கலர்னா வெயில்ல தெரியாது. பேட்டரியைக் குடிக்கும். நாம மீன் பிடிக்கப் போறோமா, படம் பார்க்கப் போறோமா?"

ரெண்டு வாரமாகவே அவன் இப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தான். யார்டில் பழைய கிரேனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். பழையதில் ஓட்டுகிறவன் எதிரே ஒரு லைட் பெட்டி இருக்கும். மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை. சுமை அளவு மீறினால் மேல் லைட் எரியும். புதியதில் பெட்டி கிடையாது. திரையில் ஒரே ஒரு பட்டை, சுமை ஏற ஏற நிறம் மாறும். எல்லாரும் அதைப் பார்க்க ஆசைப்பட, இவன் மட்டும் "பழசுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பழகின வண்டியை விட மனசில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

கடைக்காரம்மா எங்களை அஞ்சு இஞ்ச் திரைக்கு முன்னால் நிறுத்தினார். "இதைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க. இந்தப் பாசிக்குள்ள எத்தனை மீன் நிக்குது, சொல்லுங்க."

அடியில் பச்சைப் பாசி புதர் மாதிரி நின்றது. அதற்குள் சிவப்பாக வளைவு வளைவாகக் கோடுகள்.

"நாலு," என்றேன்.

மாப்பிள்ளை குனிந்தான். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். "மீனை எண்ணிட்டா பிடிக்கப் போறோம்? வாங்க மச்சான், டீ குடிக்கலாம்."

"எண்ணுங்க சார், ஒண்ணும் காசு கேக்க மாட்டேன்," என்றார் அவர்.

"ரெண்டு."

கடைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அட, இதுக்கா இவ்வளவு பிகு பண்ணிக்கிட்டிருந்தீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும். ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு உண்டு. அதுக்குன்னே இதுல வழி வச்சிருக்கான், இருங்க." ரெண்டு பட்டனை அழுத்தினார். நிறமெல்லாம் போய்த் திரை சாம்பலும் கருப்புமாக மாறியது. "இப்ப?"

"நாலு," என்றான் மாப்பிள்ளை உடனே. "இடது ஓரத்துல சின்னதா இன்னொண்ணு."

இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

"அவ்வளவுதான் விஷயம்," என்று அவர் பெட்டி எடுக்க உள்ளே போனார்.

என் கை தானாக இடது தோளுக்குப் போனது. போன வருஷம் எலக்ட்ரீஷியன் லைட் பெட்டியைத் துடைத்துவிட்டுத் தலைகீழாக மாட்டிவிட்டான். அன்றைக்குச் சுமை அளவு மீறிக் கீழே சிவப்பு எரிந்தும் மாப்பிள்ளை தூக்கிக்கொண்டே இருந்தான். இரும்புத் தகடு சரிந்து வந்து என் தோளை இடித்தது. ஆறு வாரம் கட்டோடு கிடந்தேன். எலக்ட்ரீஷியனுக்கு மெமோ கொடுத்தார்கள். நானும் அவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெட்டி தலைகீழாக இருந்தாலும் சிவப்பு சிவப்புதானே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சு இஞ்சையே வாங்கினோம். வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"பிறந்ததுலேர்ந்து."

"வருஷா வருஷம் கண் டெஸ்ட்டு பாஸாகுறியேடா. அந்தப் புள்ளிக்குள்ள நம்பர் இருக்குற புஸ்தகம்..."

"நர்சம்மா ஏதாவது நாலு பக்கத்தைத் திறப்பாங்க. ஒரு ஆளுக்குக் காட்டுனதையே அடுத்த ஆளுக்கும் காட்டுவாங்க. மாத்த சோம்பல்." தரையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு முன்னாடி நீங்கதான் நிப்பீங்க. உங்களுக்கு மெதுவா பேசவே வராது."

ஒன்பது வருஷம். வேலைக்கு ஒன்றாக வருவோம், வரிசையிலும் ஒன்றாக நிற்போம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி நான் எண்களைக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"எனக்கு சட்டை எடுக்கிறதே அவதான். லைட்டைப் பத்தி அவ கேட்டதில்ல, நான் சொன்னதில்ல."

"கீழ நிக்கிறது யாருன்னாவது அவளுக்குத் தெரியுமா?"

அவன் வேன் கதவைத் திறக்கப் போனான்.

"வெள்ளிக்கிழமை புது கிரேனுக்குக் கண் டெஸ்ட்டு. அதுக்குள்ள நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"இறக்கிவிட்டுருவாங்க மச்சான். பெல்ட் கட்டத்தான் போடுவாங்க."

"நான் என்ன ராஜாங்கமா பண்றேன்? பெல்ட்தானே கட்டுறேன்?"

"சம்பளம் பாதியாயிடும். உங்க தங்கச்சி வீடு அது."

"என் தலை இது."

அவன் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தான்.

திங்கள் முதல் வியாழன் வரை பழைய கிரேனைக் கழற்றினார்கள், சுமை தூக்குகிற வேலை நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டாள். நான் யோசித்து முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் என்னோடு வரவில்லை. தங்கைக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வேறு யாருக்காவது பின்னால் போய் நிற்கப் போகிறான் என்று நினைத்தேன். ஒரு வெல்டர் இருக்கிறார், அவர் தொண்டைக்கு முன்னால் என் தொண்டை ஒன்றுமே இல்லை.

முதலுதவி அறைக்கு வெளியே பதினைந்து பேர் நின்றார்கள். வெல்டர் நடுவில் நின்றார். மாப்பிள்ளை கதவை ஒட்டி, முதல் ஆளாக நின்றான். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. எப்போது வந்தான் என்று கேட்டதற்கு வாட்ச்மேன், "கேட்டு திறக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்றார்.

நர்சம்மா புத்தகத்தைத் திறந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"என்ன நம்பர்?"

"தெரியல."

"இது?"

"தெரியலம்மா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியாது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

ரெண்டு ஞாயிறு கழித்துத்தான் ஏரிக்குப் போனோம். திரையைச் சாம்பல் நிறத்திலேயே வைத்திருந்தான். முன்னால் உட்கார்ந்து, "மரம் வருது, கொக்கியைத் தூக்குங்க. பன்னெண்டு அடியில ரெண்டு நிக்குது, இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அன்றைக்கு ஒரு கொக்கிகூட மரத்தில் மாட்டவில்லை. மீன் மூன்று. பெரியதைத் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவனும் என்னோடு கீழேதான் நிற்கிறான். எடைக்கு ஒரு நிறமாக வருகிற பெல்ட்டில் அவன் நிறத்தைப் பார்க்க மாட்டான், அதில் தைத்திருக்கிற சீட்டைத் திருப்பி எத்தனை டன் என்று படிப்பான். நிறத்தைப் பார்த்தே எடுத்துப் பழகிய நான் ஒரு தடவை தப்பான பெல்ட்டைக் கட்டப் போக, அவன்தான் பிடுங்கிப் போட்டான். புது கிரேனில் வெளியிலிருந்து வந்த ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, வந்தன்றைக்கே புது ஆட்களோடு வரிசையில் நின்று கண் டெஸ்ட்டு பாஸானான்.

நேற்று முதல் பெரிய சுமை. கட்டி முடித்துக் கட்டை விரலைக் காட்டினேன். கயிறு இறுகியது. மாப்பிள்ளை ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், இவன் வரிசையில யாருக்குப் பின்னாடி நின்னான்?"

"கவனிக்கலையே."

ரெண்டு பேரும் நாலடி பின்னால் தள்ளி நின்றோம். சுமை மேலே போனது.